இரண்டரை வருட அடிவயிற்று வலியும் யாரும் தொட்டுப் பார்க்காத தசையும்

எங்கள் பள்ளியில் ஆசிரியைகள் பதினேழு பேர். எங்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை, அதிலும் தாழ்ப்பாள் சரியாக விழாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் காலையில் ஏழே கால் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் வீட்டில் ஒரு முறை, சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பியதும் ஒரு முறை என்று வருடக்கணக்கில் பழக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போவேன், குடிக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. என் வலிக்கு இதுவும் ஒரு வேர் என்பது எனக்கு இரண்டரை வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 39. வீட்டுக்காரர் எட்டு மா, அதாவது சுமார் இரண்டரை ஏக்கர் நிலத்தில் விவசாயம் பார்க்கிறார். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சுகப்பிரசவம், தையல் போட்டார்கள். சின்னவன் சிசேரியன். 2021 நவம்பர் 1-ம் தேதி, கொரோனாவுக்குப் பிறகு ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை மறுபடி திறந்தார்கள். அந்த மாதக் கடைசியில் எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. டெஸ்ட்டில் கிருமி இருந்தது, மாத்திரை சாப்பிட்டேன், எரிச்சல் போய்விட்டது. ஆனால் அடிவயிற்றில் வலது பக்கம் ஒரு கனம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. மாதவிலக்குக்கு முந்தின நாள் இழுக்குமே, அது தினமும் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. பொங்கல் வருவதற்குள் உட்கார்ந்தாலே வலிக்க ஆரம்பித்தது. விடைத்தாள்களை ஜன்னல் கட்டையில் வைத்து நின்றுகொண்டே திருத்தினேன். நாள் முழுக்க அடக்கிப் பழகிய நான் இப்போது முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஓடினேன். ஓடிப் போனாலும் சிறுநீர் உடனே வராது, காத்திருக்க வேண்டும். தாம்பத்தியத்துக்குப் பிறகு இரண்டு நாள் வலிக்கும். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல், பிள்ளைகளோடு படுத்துக்கொள்கிறேன் என்று அறையை மாற்றிக்கொண்டேன். அவர் ஏதும் கேட்கவில்லை. கேட்காததே எனக்கு இன்னும் பாரமாக இருந்தது.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். கும்பகோணத்தில் மகப்பேறு டாக்டர் ஒருவர் ஸ்கேன் எடுத்தார், நார்மல். மறுபடி இன்பெக்ஷனாக இருக்கும் என்று மாத்திரை தந்தார். இப்படி இரண்டு வருடத்தில் ஒன்பது முறை யூரின் கல்ச்சர் கொடுத்திருக்கிறேன். முதல் முறை தவிர ஒன்றில்கூடக் கிருமி வளரவில்லை. வளரவில்லை என்று அறிக்கையில் தெளிவாக எழுதியிருந்தும் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் எழுதினார்கள், நானும் வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு வயிறு கெட்டு, மலச்சிக்கல் வந்து, அதனால் வலி இன்னும் கூடியது. கல்ச்சரில் கிருமி இல்லையென்றால், "அப்புறம் எதற்கு இந்த மாத்திரை?" என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே ஒன்றரை வருடம் ஆயிற்று.

2022-ல் மேட்டூர் அணையை மே 24-லேயே திறந்ததால் குறுவைச் சாகுபடி முன்கூட்டியே முடிந்து, நெல் போட்ட பணம் கைக்கு வந்தது. அந்தப் பணத்தில்தான் தஞ்சாவூர் போய் சிடி ஸ்கேன் எடுத்தோம். அதுவும் நார்மல். முதுகிலிருந்து வரும் வலியாக இருக்கலாம் என்று எம்ஆர்ஐ எடுத்தார்கள், வயதுக்கேற்ற தேய்மானம் என்றார்கள். மூத்திரப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார் ஒரு டாக்டர், அங்கேயும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்ற சொல்லைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டும்தானே. ஆனால் ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டைப் பிரிக்கும்போது, ஏதாவது ஒன்று இருந்துவிடக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டிருப்பேன். பெயருள்ள ஒரு நோய் இருந்தால் வீட்டில் நம்புவார்களே என்றுதான். "உடம்பு சூடு, இளநீர் குடி" என்றார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். பதினான்கு நாள் கஷாயம் குடித்தேன். கடைசியாகப் பார்த்த டாக்டர், "டென்ஷனைக் குறைங்கம்மா" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். அன்று பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அட்டவணைப் பலகையைப் பார்க்கிறமாதிரி திரும்பி நின்றுகொண்டேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் ஃபீஸும் மாத்திரையும் சேர்ந்து 9,000 ரூபாய். ஸ்கேன்கள் எல்லாம் 16,000. ஒன்பது கல்ச்சர் 5,400. மூத்திரப்பைப் பரிசோதனை 22,000. கஷாயம், லேகியம் 12,000. கார் வாடகை 8,000. மொத்தம் 72,400. இதில்லாமல் சம்பளப் பிடித்தம் 31 நாள். கூட்டுறவு சங்கத்தில் என் ஆரத்தை அடகு வைத்தோம்.

இதற்கு நடுவில் நானே தேடிப் போய் ஒரு தப்பும் செய்தேன். செல்போனில் வீடியோ பார்த்து கெகல் பயிற்சி செய்ய ஆரம்பித்தேன். சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை இறுக்கிப் பிடித்து விடுவதுதான் கெகல். ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 1948-ல் எழுதியது. பிரசவத்துக்குப் பிறகு தசை தளர்ந்து, தும்மினால் சிறுநீர் கசிகிற பெண்களுக்கு அது நல்ல பயிற்சி. எனக்குக் கசிவே கிடையாது. ஆனாலும் பெண்களுக்கு எல்லா இடுப்புப் பிரச்சினைக்கும் நல்லது என்று வீடியோவில் சொன்னதை நம்பி, ஒரு நாளைக்கு இருநூறு தடவை, இரண்டு மாதம் செய்தேன். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே செய்தேன். பத்தில் ஆறாக இருந்த வலி எட்டுக்குப் போனது. ஏற்கெனவே இறுகிக் கிடந்த தசையை நான் தினமும் இருநூறு தடவை மேலும் இறுக்கிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. அடிவயிற்றில் வலி, உட்கார்ந்தால் வலி, சிறுநீர் தொடங்கத் தாமதம், தாம்பத்தியத்தில் வலி, இதெல்லாம் இருக்கிறவர்கள் யாராவது பரிசோதித்துச் சொல்லாமல் கெகலைத் தொடவே வேண்டாம்.

2024 சித்திரையில் இன்னொரு டாக்டரைப் பார்த்தேன். பழைய ரிப்போர்ட் கட்டைப் புரட்டிவிட்டு, "ரெண்டு பிள்ளைங்க இருக்குல்ல, இனிமே என்னத்துக்கு? கர்ப்பப்பைய எடுத்துட்டா நிம்மதி" என்றார். கர்ப்பப்பையில் கோளாறு எதுவும் இல்லை என்று எடுத்த ஸ்கேன்கள் சொல்லியிருந்தன. ஆனாலும் நான் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவ்வளவு களைத்துப்போயிருந்தேன். வைகாசியில் தேதியும் குறித்தாயிற்று.

அன்று ராத்திரி திண்ணையில் நானும் அத்தையும் மட்டும் இருந்தோம். அத்தை என் மாமியார், 67 வயது, இடுப்பு விஷயம் எதையும் பேசுகிறவர் இல்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "எனக்கும் நாப்பத்தியோரு வயசுல எடுத்தாங்க. எடுத்தும் அந்த வலி போவல. எடுத்த பெறவும் வலிக்குதுன்னா பைத்தியக்காரிம்பாங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்லல." இருபத்தாறு வருடம். ஒரே வீட்டில் பதினாறு வருடம் அவரோடு சமைத்துச் சாப்பிட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாது. அவர் கீரையை உருவி முடித்து, காம்பை முறத்தில் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாளே நான் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து தேதி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருப்பதும், மாநிலங்கள் அதை மூன்று மாதத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. தேவைப்பட்டு எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எடுக்கச் சொன்னால், "கர்ப்பப்பையில் என்ன கோளாறு? எடுத்தால் இந்த வலி போகும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் இன்னொரு மகப்பேறு டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

எனக்கு வழி காட்டியது பெரிய ஆஸ்பத்திரி எதுவும் இல்லை. எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவருக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி கொடுக்க ஒரு பெண் வருவார். வீடு தேடி வருகிற அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை அந்தப் பெண் தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில், ஒரு பக்கமாகச் சாய்ந்து நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஏன் இப்படி உட்காருறீங்க?" என்றார். இரண்டரை வருடத்தில் நான் எப்படி உட்காருகிறேன் என்று கேட்ட முதல் ஆள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "இது பெல்விக் ஃப்ளோர் தசையா இருக்கலாம். இதுக்குன்னே தனியா படிச்ச பிசியோ இருக்காங்க, லேடீஸே பாப்பாங்க. எங்க சீனியர் ஒருத்தங்க திருச்சியில இருக்காங்க" என்று நம்பர் எழுதித் தந்தார். பிசியோ என்றால் முழங்கால் வலிக்கும் கழுத்து வலிக்கும் கரண்ட் வைப்பது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெல்விக் ஃப்ளோர், அதாவது இடுப்புத் தளத் தசை என்றால் என்ன என்று திருச்சியில் அந்த பிசியோ ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பை மடியில் வைத்துக் காட்டினார். முன்னால் இருக்கும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும் ஒரு தூளி மாதிரி அந்தத் தசைகள் கட்டியிருக்கின்றன. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அந்தத் தூளியின்மேல் இருக்கின்றன. சிறுநீர், மலம் போகிற வழிகளும் பிறப்புறுப்பும் அதற்குள் புகுந்துதான் வருகின்றன. தேவைப்படும்போது இறுகுவதும் வேண்டாதபோது தளருவதும் அதன் வேலை. நான் எங்கள் ஊர் வாய்க்கால் மதகை நினைத்துக்கொண்டேன். பலகை இறங்கவும் வேண்டும், ஏறவும் வேண்டும். வருடக்கணக்கில் இறக்கியே வைத்திருந்தால் துருப்பிடித்து மாட்டிக்கொள்ளும். நாள் முழுக்க அடக்குவது, பிரசவத் தையல், நீர்க்கடுப்பின் எரிச்சல், அடுத்து எப்போது வலிக்குமோ என்ற பயம், இதில் எதுவும் அந்தத் தசையை இறுக்கலாம். இறுகினால் வலி, வலித்தால் மேலும் இறுக்கம். வலி மாதக்கணக்கில் நீடித்தால் நரம்புகளும் கூச்சம் கண்டு, சின்னத் தொடலையும் பெரிய வலியாகக் காட்டத் தொடங்கும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட இடுப்பு வலி என்கிறார்கள். ஸ்கேன் உறுப்பின் உருவத்தைக் காட்டும். தசை இறுகிக் கிடப்பதை விரல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் நாள் ஒரு மணி நேரம் பேச்சுதான். பிரசவம் எப்படி, மலம் எப்படிப் போகிறது, எத்தனை முறை சிறுநீர், தாம்பத்தியத்தில் எந்த நேரத்தில் வலி, எல்லாம் கேட்டார். இவ்வளவு நேரடியாக, முகம் மாறாமல் ஒருவர் கேட்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகு என்னைப் படுக்கவைத்து, வயிற்றில் வலிக்கும் இடத்தை அழுத்திக்கொண்டே தலையைத் தூக்கச் சொன்னார். தூக்கியதும் வலி கூடியது. வயிற்றுச் சுவரின் தசையிலும் வலி இருப்பதற்கு அது ஒரு அடையாளமாம். சிசேரியன் தழும்பைச் சுற்றித் தோல் நகராமல் ஒட்டியிருந்ததையும் காட்டினார். அப்புறம் என் இடுப்பைப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்றார். பாவாடை நாடாவின் தடம். சுற்றிலும் கறுத்து, விரல் பதிகிற அளவு பள்ளமாக இருந்தது. எங்கள் பள்ளியில் சேலைதான் கட்ட வேண்டும், கொசுவம் நழுவாமல் இருக்க நாடாவை இழுத்து முடிச்சுப் போடுவேன், இருபது வருடப் பழக்கம். "இவ்வளவு இறுக்கிக் கட்டினா மூச்சு வயித்துக்கு எப்படிப் போகும்? வயிறு அசையலைன்னா கீழே இருக்கிற தசையும் அசையாது" என்றார். அன்றைக்கே கும்பகோணத்தில் இறங்கி அகலப் பட்டை வைத்த பாவாடை இரண்டு வாங்கினேன். 460 ரூபாய். இத்தனை செலவிலும் உடனே பலன் தெரிந்தது அதில்தான்.

உள்பரிசோதனை இரண்டாவது தடவை போனபோதுதான். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை, ஏனென்றால் இதற்குப் பயந்துதான் பலர் போகாமல் இருக்கிறார்கள். என்ன செய்யப் போகிறேன், எதற்குச் செய்கிறேன் என்று முதலில் சொன்னார். வேண்டாம் என்றாலும் சிகிச்சை உண்டு, வெளியிலிருந்தே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன என்றார். வீட்டிலிருந்து யாரையாவது கூட வைத்துக்கொள்ளலாம், எந்த நிமிடம் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திவிடுவேன் என்றார். கதவு பூட்டி, திரை போட்டு, இடுப்புக்குக் கீழே துணி போர்த்தியிருந்தது. உறை போட்ட ஒரே ஒரு விரல். மகப்பேறு டாக்டர்கள் வைக்கும் கருவி எதுவும் கிடையாது. கடிகாரத்தின் எண்களைச் சொல்வதுபோல ஒவ்வொரு இடமாக மெதுவாக அழுத்தி, பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டுக்கொண்டே வந்தார். இடது பக்கம் மூன்று, நான்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வலது பக்கத்தில் ஒரு இடத்தைத் தொட்டதும் அடிவயிற்றில் அதே வலி, இரண்டரை வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த அதே வலி, அப்படியே வந்தது. "இதுதான், இதேதான்" என்று கத்திவிட்டேன். அவர் விரலை அசைக்காமல் லேசாக அங்கேயே வைத்துக்கொண்டு, மூச்சை வயிற்றுக்கு இழுக்கச் சொன்னார். ஏழெட்டு மூச்சில் அந்த வலி எட்டிலிருந்து நான்குக்கு இறங்கியது. எழுந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். வலிக்காக இல்லை. என் வலி பொய்யில்லை என்று என்னைத் தவிர இன்னொருத்தர் விரலுக்கும் தெரிந்துவிட்டதே, அதற்கு.

மொத்தம் பன்னிரண்டு தடவை போனேன். முதல் எட்டும் வாரம் ஒன்றாக, மீதி நான்கும் பதினைந்து நாளுக்கு ஒன்றாக. ஒரு தடவைக்கு 800 ரூபாய் ஃபீஸ், ரயிலும் ஆட்டோவும் சுமார் 250. எல்லாம் சேர்த்து 12,600. அந்த வருடம் மேட்டூரை ஜூலை 28-ல்தான் திறந்தார்கள், எங்களுக்குக் குறுவையே இல்லை. வாரம் ஆயிரம் ரூபாய் புரட்டுவது சுலபமாக இல்லை. அதனால்தான் முந்தைய 72,400-ஐ நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பஸ்ஸில் போகாமல் ரயிலில் போனேன். ரயிலில் கழிப்பறை உண்டு, வலித்தால் எழுந்து நிற்கலாம். இந்த வலியோடு தூரம் போகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன்.

வீட்டில் செய்யச் சொன்னவை பார்க்கச் சாதாரணமானவை. நாற்காலிமேல் கால்களைப் போட்டுத் தரையில் மல்லாந்து படுத்து, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்து, வயிறு உயரும்படி மூச்சிழுக்க வேண்டும். மூச்சு உள்ளே போகும்போது கீழே உள்ள தசை தானாகத் தளர்ந்து இறங்கும். வெளியே விடும்போது எதையும் இறுக்கக் கூடாது. காலை ஐந்து நிமிடம், ராத்திரி ஐந்து நிமிடம். இது எனக்கு வர மூன்று வாரம் பிடித்தது, ஏனென்றால் வயிற்றை எப்போதும் எக்கியே வைத்துப் பழகியிருந்தேன். முட்டிகளை அகட்டிவைத்து முன்னால் குனிந்து படுக்கும் பாலாசனம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்காருவது, தொடையின் உள்பக்கத் தசையை இழுத்துவிடுவது, தழும்பைச் சுற்றி எண்ணெய் தொட்டு விரலால் நகர்த்துவது, வெந்நீர்ப் பை, இவ்வளவுதான். மலம் கழிக்கும்போது முக்கக் கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே சின்ன ஸ்டூல் போட்டு முட்டியை இடுப்புக்கு மேலே கொண்டுவர வேண்டும். பள்ளிக் கழிப்பறை அருவருப்பாக இருக்கிறதென்று நான் பாதி உட்கார்ந்தபடி தொடையைத் தாங்கிக்கொண்டே போவேன். அப்படிச் செய்தால் தசை தளரவே தளராது என்றார். முழுதாக உட்கார வேண்டும், தண்ணீர் ஊற்றிவிட்டாவது.

சிறுநீருக்கு ஒரு கணக்கு எழுதச் சொன்னார். பழைய மதிப்பெண் பதிவேட்டில் மூன்று நாள், எத்தனை மணிக்கு என்ன குடித்தேன், எத்தனை மணிக்குப் போனேன் என்று எழுதினேன். ஒரு நாளில் பத்தொன்பது முறை. அதில் பாதி உண்மையான அவசரம்கூட இல்லை, பஸ் ஏறுமுன் எதற்கும் போய்விடலாம் என்று போனவை. முக்கால் மணியிலிருந்து ஒரு மணி, ஒன்றேகால் மணி என்று கால் கால் மணியாகத் தள்ளி, மூன்றாவது மாதம் இரண்டரை மணி நேரத்துக்கு வந்தேன். அதற்கு மேல் அடக்குவதும் கூடாது. பள்ளிக் கழிப்பறைத் தாழ்ப்பாளை நானே சொந்தச் செலவில் வாங்கிப் பொருத்தினேன், 140 ரூபாய். இதை ஏன் வருடங்களுக்கு முன்பே செய்யவில்லை என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருமே கேட்டுக்கொண்டோம்.

நேர்கோடாகக் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிகிச்சைக்கு மறுநாள் வலி கூடும், இரண்டு நாளில் அடங்கும். அதை முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. ஐந்தாவது வாரம் நாத்தனார் மகள் கல்யாணம், மூன்று நாள் நின்று வேலை பார்த்து, பழைய நிலைக்கே போய்விட்டேன். எல்லாம் வீண் என்று நினைத்து அடுத்த வாரம் போகவில்லை. பிசியோவே போன் செய்து கூப்பிட்டார். அவருக்கு என் நன்றி. வீட்டுக்காரரை ஒரு நாள் கூட்டிவரச் சொன்னார். அந்த பிளாஸ்டிக் எலும்பை அவர் கையில் கொடுத்து விளக்கினார். திரும்பும்போது ரயிலில் பாபநாசம் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. இறங்கியதும், "என்னைப் புடிக்காமப் போச்சோன்னு நெனச்சேன்" என்றார். இரண்டரை வருடம் அவர் ஒன்றும் கேட்காததற்குக் காரணம் அதுதான். நான் எவ்வளவு முட்டாள்தனமாக மறைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் வருந்தினேன்.

நீங்கள் போவதாக இருந்தால், முதலில் மகப்பேறு டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள். மாதவிலக்கு நிரந்தரமாக நின்ற பிறகு இரத்தம், உறவுக்குப் பின் இரத்தம், சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் ஏதாவது இருந்தால் பிசியோ இரண்டாம் பட்சம், டாக்டர்தான் முதலில். கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸும் இருக்கலாம், அது சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகலாம். மாதவிலக்கு நாளில் படுக்கையிலிருந்து எழ முடியாத வலி என்றால் அதைக் குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள். அப்படி இருந்தாலும்கூட, அந்தச் சிகிச்சையோடு சேர்த்து இந்தத் தசைப் பயிற்சியும் பலருக்கு உதவும். பிசியோவிடம் போன் செய்யும்போது, "பெண்களுக்கு இடுப்புத் தளத் தசை பார்ப்பீர்களா, இறுக்கத்துக்கும் பார்ப்பீர்களா, கசிவுக்கு மட்டும்தானா" என்று கேளுங்கள். பிபிடி என்பது பிசியோதெரபி பட்டப்படிப்பு, எம்பிடி இரண்டு வருட மேற்படிப்பு. எம்பிடியில் மகளிர் நலம் எடுத்தவரா, இதற்கென்று தனிப் பயிற்சி பெற்றவரா என்று கேட்பதில் தப்பில்லை. எடுத்த எடுப்பில் உள்பரிசோதனை என்றாலும், பார்க்காமலேயே எல்லோருக்கும் ஒரே கெகல் தாள் கொடுத்தாலும் வேறு இடம் பாருங்கள். ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, மேலே ஒரு பக்கத்தில் உங்கள் கதையை எழுதி வைத்துக்கொண்டால் அங்கே போய்த் தடுமாற வேண்டாம்.

இப்போது எனக்கு வலி பத்துக்கு ஒன்று, இரண்டு. மாதவிலக்குக்கு முன்னும், நீண்ட பயணத்துக்குப் பின்னும் நான்கு வரை போகும். அப்போது நாற்காலியில் கால் போட்டுப் படுத்துவிடுவேன். தை மாதம் ஒரு வளைகாப்பில் தரையில் சம்மணமிட்டுப் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரை இருந்து எழுந்தேன். எங்கள் தெருவில் நடவுக்குப் போகிற அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னபோது, விடியற்காலை வயலில் இறங்கினால் மத்தியானம் வரை ஒதுங்க இடமில்லாமல் அடக்கிக்கொண்டு நிற்பதைச் சொன்னார். அவருக்கும் இதே கனம் இருக்கிறது. வீட்டுக்கு வரச் சொல்லி மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறேன், டாக்டரிடம் போகவும் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் சாயங்காலம் நான் கூடத்தில் அப்படிப் படுத்திருந்தபோது அத்தை வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் பாயை விரித்து, சேலையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகப் படுத்தார். "அந்த மூச்சு எப்படி விடணும், காட்டு" என்றார். இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் கால்களைத் தூக்கி வைத்தேன். பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொன்னேன். அவர் கையை எடுத்து அவர் வயிற்றின்மேல் வைத்தேன். அடுத்த மாதம் அவருக்கு டாக்டரிடம் முதலில் காட்டிவிட்டு, திருச்சிக்கும் நேரம் கேட்டிருக்கிறேன். காலை ரயிலில் போகிறோம்.